அறுவைத் தையல் கருவிகள்

அறுவைத் தையல் கருவிகள் என்பன, அறுவைச் சிகிச்சையினாலோ காயத்தினாலோ பிரிந்த உடல் திசுக்களை (இழையங்களை) மீண்டும் ஒன்றுசேர்த்துத் தைப்பதற்குப் பயன்படும் ஊசி, தையல்நூல், ஊசிப்பிடிப்பான், இடுக்கி, கத்தரிக்கோல் முதலியவற்றைக் குறிக்கும். இவற்றின் வடிவமைப்பில் ஏற்பட்ட முன்னேற்றங்கள் இரு நோக்கங்களைக் கொண்டவை. தையல் துல்லியமாக அமைந்து நோயாளியின் காயம் பிளவாமலும் சீழ் பிடிக்காமலும் ஆறவேண்டும் என்பது ஒன்று. தைப்பவரின் கையில் ஊசி குத்தாதிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது நோக்கம் மிக அண்மைக் காலத்திலேயே கவனம் பெற்றது.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திற்கும் இத்துறைக்கும் தொடர்பு ஏதும் இல்லை என்று தோன்றலாம். ஆயினும் அறுவைத் தையலில் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்த நூல்களுள் ஒன்று பட்டு நூலே ஆகும். தறிக்குச் செல்லும் பட்டும் அறுவை அரங்கிற்குச் செல்லும் பட்டும் ஒரே புழுவின் கூட்டிலிருந்தே பெறப்படுகின்றன.

தையலின் பணி

தையல் காயத்தை ஆற்றுவதில்லை. காயத்தை ஆற்றுவது உடலே. காயத்தின் இரு விளிம்புகளையும், உடல் புதிய திசுவை உருவாக்கி வலுப்பெறும் வரை, அசையாமல் அருகருகே வைத்திருப்பது மட்டுமே தையலின் பணி ஆகும். எனவே தையல் தளர்வாக இருந்தால் விளிம்புகள் விலகும். அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் நசுங்கி, குருதியோட்டம் நின்று, அப்பகுதி அழுகத் தொடங்கும். பழக்கமற்றவர் செய்யும் தவறு பெரும்பாலும் இரண்டாவது வகையினதே. இறுக்கமே பாதுகாப்பு என்று கருதிவிடுவதே இதற்குக் காரணம்.

ஒவ்வொரு தையலும் உடலில் ஒரு புதிய துளையை இடுகிறது. ஒரு வேற்றுப் பொருளையும் உள்ளே விட்டுச் செல்கிறது. ஆகவே துளை எவ்வளவு சிறிதாகவும் வேற்றுப் பொருள் எவ்வளவு குறைவாகவும் இருக்கலாம் என்பதே இக்கருவிகளை வடிவமைப்போரின் அடிப்படைக் கேள்வியாக இருந்து வந்துள்ளது.

ஊசி

சுசுருத சம்கிதை என்னும் பண்டைய மருத்துவ நூல் தையல் ஊசிகளை விரிவாகக் கூறுகிறது. சதைப்பற்று குறைந்த இடங்களுக்கும் மூட்டுகளுக்கும் இரண்டு அங்குல ஊசி, சதைப்பற்றுள்ள இடங்களுக்கு மூன்று அங்குல முப்பட்டை ஊசி, வயிறு போன்ற இடங்களுக்கு வில் போல் வளைந்த ஊசி என அது பகுக்கிறது (இங்கு அங்குலம் என்பது விரலின் அகலம், இன்றைய அங்குலம் அன்று). நார், சணல், மயிர், விலங்கு நரம்பு ஆகியன நூலாகப் பயன்பட்டன. கிழிந்த குடலின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவிடும் முறையும் அதில் உள்ளது. உலோகக் கவ்விகளின் முன்னோடி என்று இதனைக் கூறினால் மிகையாகாது. இடத்திற்கேற்ப ஊசியின் வடிவம் மாறவேண்டும் என்ற கருத்து அன்றே தெளிவாக இருந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய ஊசிகள் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை. பெரும்பாலானவை வட்டத்தின் ஒரு பகுதியாக வளைந்திருக்கும். கால் வட்டம், எட்டில் மூன்று, அரை வட்டம், எட்டில் ஐந்து என இவ்வளைவு குறிக்கப்படுகிறது. கண் அறுவைக்குக் கால் வட்டமும், தோலுக்கு எட்டில் மூன்றும், வயிற்றின் உட்பகுதிக்கு அரை வட்டமும், இடுப்புக் குழி போன்ற ஆழமான, குறுகிய இடங்களுக்கு எட்டில் ஐந்தும் பெரிதும் விரும்பப்படுகின்றன. இடம் குறுகக் குறுக வளைவு கூடுவதைக் காணலாம். கையை அசைக்க இடமில்லாதபோது, மணிக்கட்டைத் திருப்பினாலே ஊசி வெளியே வந்துவிட வேண்டும் என்பதே இதன் காரணம்.

முனையும் பலவகைப்படும். குடல், குருதிக் குழாய் போன்ற மென்மையான உறுப்புகளுக்கு உருண்டு கூர்த்த முனை பயன்படுகிறது. இது திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு செல்வதால் துளை நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும், கசிவு ஏற்படாது. தோல் கடினமானது என்பதால் அதற்கு வெட்டுவிளிம்புள்ள முப்பட்டை முனை தேவைப்படுகிறது. பழைய முப்பட்டை ஊசியில் ஒரு வெட்டுவிளிம்பு வளைவின் உட்புறத்தில், அதாவது காயத்தை நோக்கி, அமைந்திருந்தது. நூலை இழுக்கும்போது அவ்விளிம்பு இட்ட வெட்டு வழியே நூல் திசுவைக் கிழித்துக்கொண்டு காயத்திற்குள் வந்துவிடும் அபாயம் இருந்தது. அவ்விளிம்பை வெளிப்புறத்திற்கு மாற்றிய தலைகீழ் வெட்டு ஊசி இச்சிக்கலைத் தீர்த்தது. ஒரு முக்கோணத்தைத் திருப்பிவைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யப்படவில்லை.

இதனினும் பெரிய மாற்றம் கண்ணில்லா ஊசி ஆகும். கண்ணுள்ள ஊசியில் நூல் இரட்டையாக மடிந்து செல்வதால், ஊசியை விட அகலமான ஒரு பொருள் திசுவின் ஊடே இழுக்கப்படுகிறது. அத்துடன், பலமுறை பயன்படுத்தித் தீட்டப்பட்ட ஊசி விரைவில் மழுங்கும். 20ஆம் நூற்றாண்டில் பரவலான புதிய முறையில் ஊசியின் பின்முனையில் துளையிட்டு, நூலை அதனுள் செருகி, உலோகத்தை நசுக்கி இறுக்கிவிடுகின்றனர். ஊசியும் நூலும் ஒரே தொடர்ச்சியாக அமைகின்றன. ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுகின்றன.

தையல்நூல்

தையல்நூல்கள் உடலில் கரைவன, கரையாதன என இருவகைப்படும். ஒற்றை இழையால் ஆனவை, பல இழைகள் பின்னப்பட்டவை என மற்றொரு பகுப்பும் உண்டு. ஒற்றை இழை வழுவழுப்பானது. திசுவினூடே எளிதில் செல்லும். கிருமிகள் தங்க இடமில்லை. ஆனால் விறைப்பானது, முடிச்சு நழுவும். பின்னிய நூல் கைக்கு இணக்கமானது; முடிச்சு நிற்கும். ஆனால் இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நீர்மம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் ஏறும். அதனுடன் கிருமிகளும் செல்லும். இவ்விரு குணங்களையும் ஒருசேரப் பெற்ற நூல் இன்றுவரை இல்லை என்றே கூறலாம்.

நெடுங்காலமாகப் பயன்பட்ட கரையும் நூல் கேட்கட் ஆகும். பெயரில் பூனை இருந்தாலும் இது ஆடு, மாடு ஆகியவற்றின் குடலிலிருந்து செய்யப்படுவது. ஜோசப் லிஸ்டர் 1860களின் இறுதியில் இதனைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். இது உடலின் நொதிகளால் செரிக்கப்படுவதால், எவ்வளவு நாளில் வலுவிழக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சீழ் பிடித்த இடத்தில் மிக விரைவில் அறுந்துவிடும். மாட்டு மூளை நோய் குறித்த அச்சத்தினால் 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதன் பயன்பாடு நின்றது. 1970களில் வந்த பாலிகிளைகாலிக் அமிலம், பாலிகிளாக்டின் ஆகிய செயற்கை நூல்கள் நீருடன் வேதிவினை புரிந்து சிதைகின்றன. எனவே இவை வலுவிழக்கும் காலத்தைப் பெரிதும் முன்கூட்டியே கணிக்க இயலும். வயிற்றைத் தைப்பவருக்கு இதைவிடத் தேவையான செய்தி வேறில்லை.

நூலின் தடிப்பைக் குறிக்கும் முறை புதியவரைக் குழப்பக்கூடியது. சுழியத்தின் எண்ணிக்கை கூடக்கூட நூல் மெல்லியதாகும். 2-0 நூல் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், 4-0 நூல் 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர், 10-0 நூல் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர் தடிப்புடையது. கடைசியாகக் கூறப்பட்டது தலைமுடியை விட மெல்லியது. நூல் செய்யத் தொடங்கிய காலத்தில் 1 என்னும் எண்ணே மிக மெல்லிய அளவாக இருந்தது. அதனினும் மெல்லியவை வந்தபோது சுழியங்களை அடுக்கவேண்டியதாயிற்று.

பட்டு நூலும் காஞ்சிபுரமும்

பட்டுப்புழு கக்கும் இழை உண்மையில் இரட்டை இழை ஆகும். ஃபைப்ராயின் என்னும் புரதத்தால் ஆன இரு மெல்லிழைகளை செரிசின் என்னும் பசைப் புரதம் ஒட்டிப் போர்த்தியிருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இப்பசையே. காஞ்சிபுரத்தில் சேலைக்கு வேண்டிய பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. அதனை முறுக்கேற்றி, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டுப் பசை நீக்கி, பின்னரே சாயம் ஏற்றுவர். பசை நீங்கிய பின்பே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வரும். சாயமும் சீராகப் பிடிக்கும்.

அறுவைத் தையலுக்கான பட்டும் இதே பசை நீக்கத்திற்கு உட்படுகிறது. ஆனால் காரணம் வேறு. செரிசின் உடலுக்குள் சென்றால் ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டக்கூடியது. பசை நீக்கிய இழைகள் உருளை வடிவப் பின்னலாகப் பின்னப்பட்டு, குருதியின் செந்நிறத்திற்கிடையே கண்ணுக்குத் தெரியும்படி கறுப்புச் சாயம் ஏற்றப்பட்டு, மெழுகோ சிலிக்கோனோ பூசப்படுகின்றன. பூச்சு, திரி போல நீர்மம் ஏறுவதைக் குறைக்கிறது. பசை நீக்காத கன்னிப் பட்டு நூலும் மிக மெல்லிய அளவுகளில் கண் அறுவைக்குப் பயன்பட்டது உண்டு.

சேலைப் பட்டு நூலைத் தையலுக்குப் பயன்படுத்த முடியுமா என்று வினவுவோர் உண்டு. முடியாது. சாயமும் உலோக உப்புகளும் ஏறிய, நுண்ணுயிர் நீக்கப்படாத, தடிப்பு சீரற்ற நூல் அது. நெசவில் சிறிய தடிப்பு வேறுபாடு துணிக்கு ஒரு தன்மையைத் தரலாம். முடிச்சின் கீழே அதே வேறுபாடு நூல் அறும் இடமாகிவிடும்.

பட்டுத் தையல்நூல் கரையாதது என வகைப்படுத்தப்பட்டாலும் அது முற்றிலும் சரியன்று. உடலுக்குள் ஓராண்டுக்குள் தன் வலுவின் பெரும்பகுதியை அது இழந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலும் தேடினாலும் கிடைக்காது. ஆகவே செயற்கை இதய வால்வு, செயற்கைக் குருதிக் குழாய் ஆகியவற்றைப் பொருத்துவதற்குப் பட்டு ஏற்றதன்று. அவ்விடங்களில் ஆயுள் முழுதும் நிற்கும் பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் நூல்களே பயன்படுகின்றன. குருதிக் குழாய்களைக் கட்டுவதற்கும், வடிகுழாய்களைத் தோலுடன் பிணைப்பதற்கும், வாய்க்குள் தைப்பதற்கும் பட்டு இன்றும் விரும்பப்படுகிறது. வாய்க்குள் நைலான் முடிச்சின் முனை நாக்கையும் கன்னத்தையும் குத்தும், பட்டு குத்தாது.

லியோன் நகரத் தையல்

பட்டு நெசவு நகரம் ஒன்று அறுவை மருத்துவத்தின் போக்கையே மாற்றிய வரலாறு பிரான்சில் உண்டு. 1894 சூன் மாதம் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை வெட்டுண்டு குருதி வடிந்து அவர் இறந்தார். வெட்டுண்ட குருதிக் குழாயைத் தைத்து மீண்டும் ஓடச் செய்யும் நம்பகமான முறை அன்று எவரிடமும் இல்லை. அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கேரல், குழாயைத் தைக்க முடிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கருதினார்.

லியோன் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகராக விளங்கியது. கேரலின் குடும்பமும் துணித் தொழிலில் ஈடுபட்டிருந்தது. அவர் லெருடியே என்னும் பூத்தையல் கலைஞரிடம் நுண்ணிய தையலைக் கற்றுக்கொண்டார். மிக மெல்லிய ஊசியும், வாசலின் பூசிய மெல்லிய பட்டு நூலும் அவருடைய கருவிகள். வாசலின் நூலை வழுக்கச் செய்து குழாயின் உட்சுவர் கிழியாமல் காத்தது. 1902இல் அவர் வெளியிட்ட முறையில், வெட்டுண்ட வட்டமான விளிம்பில் சம இடைவெளியில் மூன்று தையல்களை இட்டு இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். வளைந்த விளிம்பைத் தைப்பதற்குப் பதிலாக மூன்று நேர்க்கோடுகளைத் தைத்தால் போதும். எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடும் தவறும் இதனால் தவிர்க்கப்பட்டது. இதற்காகவும் உறுப்பு மாற்று ஆய்வுகளுக்காகவும் கேரலுக்கு 1912இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காஞ்சிபுரத் தறியில் ஏறக்குறைய ஒத்த ஒரு வேலை உண்டு. உடலும் முந்தானையும் வெவ்வேறு நிறமாக அமையும் சேலையில், பாவின் ஒவ்வோர் இழையையும் மற்றொரு நிறப் பாவின் இழையுடன் கோத்துப் பிணைப்பர். இது பெட்னி எனப்படுகிறது. பல ஆயிரம் இழைகளுள் ஒன்று தவறினாலும் அவ்விடம் சேலையில் தெரிந்துவிடும். கேரலைப் போல இங்கிருந்து எவரும் அறுவை அரங்கிற்குக் கற்றுச் சென்றதாக வரலாறு இல்லை; ஆனால் கைத்திறனின் தன்மை ஒன்றே.

ஊசிப்பிடிப்பானும் இடுக்கியும்

வளைந்த ஊசியை விரலால் பிடித்துத் தைத்தல் துல்லியமும் அற்றது, ஆபத்தும் உடையது. ஊசிப்பிடிப்பான் கத்தரிக்கோல் போன்ற அமைப்புடையது. வாய்ப்பகுதி குட்டையாகவும் கைப்பிடி நீளமாகவும் இருப்பதால் நெம்புகோல் தத்துவப்படி சிறிய விசை பெரிய பிடியாகிறது. கைப்பிடியிலுள்ள பற்கள் ஒன்றுடன் ஒன்று பூட்டிக்கொண்டு பிடியை நிலைநிறுத்துகின்றன. பொதுப் பயன்பாட்டிற்கு மேயோ-ஹெகர் வகையும், கண் போன்ற நுண்ணிய இடங்களுக்குக் காஸ்ட்ரோவியேகோ வகையும் பெரிதும் வழங்குகின்றன. பின்னது எழுதுகோலைப் போல விரல்களுக்கிடையே பிடிக்கத்தக்கது. இவ்வாறு பிடிக்கும்போது அசைவு தோளிலிருந்தோ முழங்கையிலிருந்தோ வராமல் விரல்களிலிருந்து மட்டும் வருவதால் நடுக்கம் குறைகிறது.

எஃகு வாய் நாளடைவில் தேய்ந்து ஊசி சுழலத் தொடங்கும். ஆகவே நல்ல பிடிப்பான்களில் டங்ஸ்டன் கார்பைடு தகடுகள் பதிக்கப்படுகின்றன. அவற்றை அடையாளம் காணக் கைப்பிடிக்குப் பொன் முலாம் பூசுவது வழக்கம்.

ஊசியை அதன் முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் பிடிக்கவேண்டும். நூல் சேரும் பின்முனையில் பிடித்தால் உள்ளீடற்ற அவ்விடம் நசுங்கி ஊசி முறியும். முனை தோலில் செங்குத்தாக நுழையவேண்டும். பின்பு மணிக்கட்டைத் திருப்பி, ஊசி தன் வளைவின் மையத்தைச் சுற்றி வருமாறு செலுத்தவேண்டும். வட்ட வில் ஒன்று தன் மையத்தைச் சுற்றிச் சுழன்றால், அது இட்ட துளையின் வழியே மட்டும் செல்லும். பக்கவாட்டில் திசுவைத் தள்ளாது. மாறாக, ஊசியை நேராகத் தள்ளினால் துளை நீண்டு கிழிகிறது. தையல் கற்பவருக்குச் சொல்லப்படும் விதிகளுள் பல இந்த ஒரு வடிவியல் உண்மையிலிருந்து பிறந்தவையே.

நுண்தையலும் தமிழகமும்

சுவீடனைச் சேர்ந்த கார்ல் நைலேன் 1921இல் காது அறுவைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். 1960இல் ஜேக்கப்சன், சுவாரெஸ் ஆகியோர் நுண்ணோக்கியின் கீழ் ஓரிரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குருதிக் குழாய்களை இணைத்துக் காட்டினர். 1965இல் சப்பானில் முற்றிலும் துண்டான கட்டைவிரல் வெற்றிகரமாக மீண்டும் இணைக்கப்பட்டது. கண் பார்க்கக்கூடியதை விடக் கை நுண்மையாகச் செய்யவல்லது என்பது இதனால் வெளிப்பட்டது. குறை கையில் அன்று, கண்ணிலும் கருவியிலுமே இருந்தது.

இத்துறையில் தமிழகத்தின் பங்கு கணிசமானது. கோ. வெங்கடசாமி (1918–2006) முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையில் கண் மருத்துவம் பயின்றவர். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976இல் பணி ஓய்வுக்குப் பின் மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை ஆகும். அதன் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் 1992இல் தொடங்கப்பட்டது. முதலில் கண்ணுள் பொருத்தும் வில்லைகளையும், 1990களின் இறுதியிலிருந்து கண் அறுவைக்கான தையல்நூல்களையும் அது செய்தது. அதுவரை இறக்குமதியையே நம்பியிருந்த 10-0 நைலான் போன்ற நூல்கள் உள்நாட்டிலேயே குறைந்த விலையில் கிடைக்கலாயின. இத்தகைய நூலில் ஊசியே சில மில்லிமீட்டர் நீளம் மட்டும் உடையது. அதன் பின்முனையில் துளையிட்டு நூலைச் செருகும் வேலை நுண்ணோக்கியின் கீழேயே நடைபெற வேண்டும். விலை என்பது இங்கு வெறும் வணிகச் செய்தியன்று. கருவி விலையுயர்ந்ததாக இருந்தால் மழுங்கிய ஊசியை மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் நீடிக்கும். துல்லியம் பணமுள்ளவருக்கு மட்டும் உரியதாகிவிடும். கண்புரை அறுவையில் தானே மூடிக்கொள்ளும் சாய்வுத் துளை வந்தபின் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தையலே தேவையற்றதாயிற்று என்பதையும் இங்குக் கூறவேண்டும். விழிவெண்படல மாற்று அறுவையில் 10-0 நூல் இன்றும் இன்றியமையாதது.

மற்றொரு நிகழ்வு காஞ்சிபுரத்திற்கு மிக அருகில், 2019 வரை அம்மாவட்டத்தின் பகுதியாக இருந்த செங்கல்பட்டில் தொடங்கியது. அங்குள்ள தொழுநோய் மருத்துவ நிலையத்திற்கு 1947இல் வந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர் பால் பிராண்டு, நோயினால் விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்டார். அக்கைகளை எவரும் அதுவரை அறுவையால் சீரமைக்க முற்படவில்லை என அறிந்து வியந்தார். தொழுநோய் சில நரம்புகளை மட்டும் தாக்குவதால் முன்கைத் தசைகள் பல நலமாகவே இருக்கும். நலமான ஒரு தசையின் தசைநாணைத் திசைதிருப்பி விரல்களுடன் இணைத்தால் விரல் மீண்டும் நிமிரும். இதற்குத் தசைநாணைத் தோலுக்கு அடியில், வழியிலுள்ள திசுக்களைக் கிழிக்காமல், கொண்டுசெல்ல வேண்டும். பெரிதாகத் திறந்தால் தழும்பு ஒட்டிக்கொண்டு தசைநாண் அசையாது. அவர் பெயரால் வழங்கும் மழுங்குமுனை இடுக்கி இவ்வேலைக்கு உரியது. இன்றும் கருவிப் பட்டியல்களில் அது இடம்பெறுகிறது. ஒரு தசைநாணை மற்றொன்றில் இட்ட கீறல்கள் வழியே மாறிமாறி ஊடையைப் போலச் செலுத்தித் தைக்கும் முறையும் கை அறுவையில் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் பல்வர்டாஃப்ட்டின் பெயரால் அறியப்படும் அதனை நெசவு என்றே மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். தொழுநோய் நிலையம் 1955இல் மத்திய அரசின் பயிற்சி, ஆய்வு நிறுவனமாக ஆக்கப்பட்டது.

ஊசிக் குத்து

அறுவை அரங்கில் தைப்பவரும் உதவியாளரும் செவிலியரும் தம்மைத் தாமே குத்திக்கொள்வது நெடுங்காலம் தொழிலின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பின்னர் இந்நாட்டிலும் இப்பார்வை மாறத் தொடங்கியது. உண்மையில் எச்.ஐ.வி.யை விடக் கல்லீரல் அழற்சி பி எளிதில் பரவக்கூடியது. நோயாளியின் குருதி பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000இல் 3 என்றும், தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரல் அழற்சி பி பரவும் வாய்ப்பு 100இல் 30 வரையும் என்றும் மதிப்பிடப்படுகிறது. இவை பெரும்பாலும் உள்ளீடற்ற மருந்தூசிகளைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. திண்ம ஊசியான தையல் ஊசி குறைவான குருதியையே ஏந்தும். ஆயினும் தையலின்போது குத்துவது மிக அடிக்கடி நிகழ்கிறது.

இதற்கான தீர்வு வியப்பூட்டுமளவு எளியது: மழுங்கிய ஊசி. வயிற்றுச் சுவரின் தசையுறையைத் தைக்க, தோலைத் துளைக்கும் அளவு கூர்மை தேவையில்லை. முனை உருண்டையாக்கப்பட்ட ஊசி தசையுறைக்குள் செல்லும்; கையுறையையும் விரலையும் எளிதில் துளைக்காது. 2011இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, இவ்வூசியால் கையுறைத் துளைகள் ஏறத்தாழ பாதிக்கு மேல் குறைவதாகக் காட்டியது. 2012இல் அமெரிக்க அரசின் மூன்று நலவாழ்வு, பாதுகாப்பு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இதனைப் பரிந்துரைத்தன. எனினும் இவ்வூசியைப் பலர் இன்னும் விரும்புவதில்லை. சற்று அழுத்திச் செலுத்தவேண்டியிருப்பது கைக்குப் பழக்கமற்றதாகத் தோன்றுகிறது. கருவி இருப்பது வேறு, பழக்கம் மாறுவது வேறு.

இரட்டைக் கையுறை அணிதல், ஊசியை விரலால் தொடாமல் இடுக்கியால் மட்டும் திருப்புதல், கூர்மையான கருவிகளைக் கைமாற்றாமல் இடையில் ஒரு தட்டில் வைத்து எடுத்தல், அறுவையின் முடிவில் காந்தத் தகட்டில் ஊசிகளை எண்ணிச் சரிபார்த்தல் ஆகியனவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய ஊசிகள் துளைக்கவியலாத வெள்ளைக் கலத்தில் இடப்பட வேண்டும். துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும் ஊசி இவ்விதியின் முதன்மைக் காரணம்.

வயிற்றுச் சுவர்

துல்லியத்தின் பயனை எண்களில் காட்டிய சிறந்த எடுத்துக்காட்டு வயிற்று நடுக்கோட்டுக் கீறலைத் தைப்பது ஆகும். அறுவைக்குப் பின் வயிறு உப்பும்போது காயத்தின் நீளம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை கூடக்கூடும். நூல் நீளாது. எனவே நூல் திசுவை அறுத்துக்கொண்டு வெளிவரும். காயம் பிளந்து பின்னாளில் குடலிறக்கம் தோன்றும். பிரித்தானிய மருத்துவர் ஜென்கின்சு 1976இல் இதனைக் கணக்கிட்டு, காயத்தின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் செலவாகவேண்டும் என்றார்.

நான்கு மடங்கை எட்டப் பெரிய தையல்களை இடலாம்; அல்லது சிறிய தையல்களை நெருக்கமாக இடலாம். நெதர்லாந்தில் 560 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில், விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டரில், 5 மில்லிமீட்டர் இடைவெளியில், சிறிய ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு தைத்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கே ஓராண்டில் குடலிறக்கம் ஏற்பட்டது. ஒரு சென்டிமீட்டர் அளவில் தைத்தவர்களில் இது 21 விழுக்காடு. சிறிய தையலுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். தடித்த நூலும் பெரிய ஊசியும் வலுவானவை என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு எதிரான முடிவு இது.

இயந்திரத் தையல்

அங்கேரியைச் சேர்ந்த ஊல்ட்ல் 1908இல் முதல் கவ்வித் தைப்பியைப் பயன்படுத்தினார். பின்னர் சோவியத் ஒன்றியத்தில் வளர்ந்த இக்கருவிகளை 1958இல் கீவ் நகரில் கண்ட அமெரிக்க மருத்துவர் ராவிட்ச் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். உணவுக்குழாய், மலக்குடல் போன்ற எட்டாத இடங்களில் இவை பெரும் உதவி. உணவுக்குழாய்க்கு மற்றக் குடற்பகுதிகளைப் போல வெளியுறை இல்லை என்பதால் அங்குத் தையல் கசிவது கூடுதல். காஞ்சிபுரத்தில் பிறந்த தமிழக முதல்வர் சி. என். அண்ணாதுரை 1968இல் நியூயார்க்கில் அறுவைக்கு உட்பட்டது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கே. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நுண்துளை அறுவையில் கருவி வயிற்றுச் சுவரிலுள்ள துளையை நெம்புமையமாகக் கொள்வதால், கை இடப்புறம் செல்லக் கருவிமுனை வலப்புறம் செல்லும். ஊசியை வட்டமாகச் சுழற்றுதல் இங்கு மிகவும் கடினம். மணிக்கட்டுப் போல வளையும் முனைகொண்ட தா வின்சி எந்திரம் (2000இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது) இக்குறையைப் பெருமளவு நீக்குகிறது. முள் போன்ற நுண்செதில்கள் கொண்ட, முடிச்சு தேவைப்படாத நூலும் இத்தகைய அறுவைகளுக்காகவே பரவலானது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், இசுடார் என்னும் எந்திரன் நுண்துளை வழியே பன்றிக் குடலைப் பெரும்பாலும் தானாகவே தைத்தது. மனித உடலில் இது இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை.

தமிழகத்தில் கருவி உற்பத்தி புதிதன்று. சோவியத் உதவியுடன் 1960களில் சென்னை நந்தம்பாக்கத்தில் பொதுத்துறை அறுவைக் கருவித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தின் கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. அதற்கான இடம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம்.